காந்த ஊசி ஏன் அசையவில்லை? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் வந்து முட்டுகின்றன. வெப்பம், மின்னோட்டம், காந்தம் இவற்றை வைத்து வகுப்பில் செய்த சோதனை புத்தகத்தில் போட்டபடி நடக்கவில்லை, என்ன செய்வது என்று ஆசிரியர்களும் கேட்கிறார்கள், மாணவர்களும் கேட்கிறார்கள். அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். என்ன செல், எவ்வளவு நீளக் கம்பி, மீட்டர் என்ன காட்டியது என்று பலரும் விவரமாக எழுதியிருக்கிறீர்கள். அது மிகவும் உதவியாக இருந்தது. இனி எழுதுபவர்களும் அப்படியே எழுதுங்கள்.

கேள்வி: ஐயா, மின்னோட்டம் போகும் கம்பி காந்த ஊசியைத் திருப்பும் என்று காட்டும் ஓயர்ஸ்டெட் சோதனையை எட்டாம் வகுப்புக்குச் செய்து காட்டினேன். மூன்று செல், ஒரு 100 ஓம் ரெசிஸ்டர், ஒரு சிவப்பு எல்இடி. எல்இடி நன்றாக எரிந்தது, ஆக கரண்ட் போகிறது. ஆனால் கம்பிக்குக் கீழே வைத்த காந்த ஊசி துளிகூடத் திரும்பவில்லை. "அசையவே இல்லையே டீச்சர்" என்று பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள். எங்கே தவறு? – அரசுப் பள்ளி ஆசிரியை, தாராபுரம்

பதில்: பிள்ளைகள் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள் டீச்சர். நீங்கள் சொன்ன சுற்றில் ஊசி அசையாது, அசையக் கூடாது. கணக்கைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். மூன்று செல்லுக்கு 4.5 வோல்ட், அதில் சிவப்பு எல்இடி ஏறத்தாழ 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும், மிச்சம் 2.5 வோல்ட் 100 ஓம் வழியாகப் போனால் 25 மில்லி ஆம்பியர். எல்இடி பளிச்சென்று எரிய அது போதும். ஆனால் 25 மில்லி ஆம்பியர் போகும் கம்பி, ஒரு செ.மீ. தூரத்தில் உண்டாக்கும் காந்தப்புலம் அரை மைக்ரோ டெஸ்லாதான். நம் ஊரில் பூமியின் காந்தப்புலமோ கிட்டத்தட்ட 40 மைக்ரோ டெஸ்லா. ஊசியைப் பூமி ஒரு பக்கம் 40 என்ற அளவில் பிடித்துக்கொண்டிருக்க, கம்பி பக்கவாட்டில் அரை என்ற அளவில் இழுத்தால் ஊசி ஒரு டிகிரிகூடத் திரும்பாது. அதைக் கண்ணால் பார்க்க முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது, நிறையப் பேர் கவனிப்பதில்லை. ஊசியைத் தரைக்கு இணையாகப் பிடித்து வைக்கும் பூமிக் காந்தத்தின் பலம் ஊருக்கு ஊர் வேறு. நாம் காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருக்கிறோம். திருவனந்தபுரத்துக்குப் பக்கத்தில் தும்பாவை ராக்கெட் ஏவுதளத்துக்காகத் தேர்ந்தெடுத்து, 1963இல் அங்கிருந்து முதல் ராக்கெட்டை விட்டதற்குக் காரணமே அந்தக் கோடு அந்த வழியாகப் போவதுதான். இதனால் நம் பக்கம் கிடைமட்டப் புலம் அதிகம். ஓயர்ஸ்டெட் சோதனை செய்த கோபன்ஹேகனில் இன்று அளந்தால் நம்முடையதில் பாதிகூட வராது. ஐரோப்பியர் ஒருவர் ஒரு ஆம்பியரில் காட்டும் திருப்பத்தை நாம் காட்ட வேண்டுமென்றால் இரண்டு ஆம்பியருக்கு மேல் வேண்டும். வெளிநாட்டு வீடியோவைப் பார்த்து அப்படியே செய்பவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான்.

சரி, எப்படிச் செய்வது? எல்இடியையும் ரெசிஸ்டரையும் எடுத்துவிடுங்கள். பெரிய டார்ச் செல் ஒன்று, ஒரு மீட்டர் செப்புக் கம்பி, அவ்வளவுதான். கம்பியின் ஒரு முனையைச் செல்லில் வைத்துவிட்டு மறுமுனையை இரண்டு, மூன்று விநாடி மட்டும் தொட்டு எடுங்கள். அந்த நேரத்தில் இரண்டு ஆம்பியர் தாராளமாக ஓடும், ஒரு செ.மீ. தூரத்தில் அது 40 மைக்ரோ டெஸ்லா, பூமிக்குச் சரிசமம், ஊசி 45 டிகிரி திரும்பும். வகுப்பே பார்க்கும். அதற்கு மேல் பிடித்துக்கொண்டே இருந்தால் செல்லும் சுடும், கம்பியும் சுடும். இதற்குச் செல்போன் பேட்டரி, வண்டி பேட்டரி, இன்வெர்ட்டர் எதையும் எடுக்க வேண்டாம், கம்பி சிவந்து கையைச் சுட்டுவிடும். டார்ச் செல் மட்டும்தான்.

கம்பியை வைக்கும் திசையும் முக்கியம். ஊசி எந்தத் திசையில் நிற்கிறதோ அதே வடக்கு தெற்காகக் கம்பி அதன் மேலே ஓட வேண்டும். கிழக்கு மேற்காக வைத்தால், கம்பியின் புலமும் வடக்கு தெற்காகவே அமைந்து பூமியின் புலத்தோடு கூடும் அல்லது கழியும், ஊசி இருந்த இடத்திலேயே நிற்கும். செல்லுக்குத் திரும்பிப் போகும் கம்பி ஊசிக்குப் பக்கத்திலேயே போகக் கூடாது, எதிர்த்திசை மின்னோட்டம் முதல் கம்பியின் வேலையை அழித்துவிடும். இவ்வளவும் சரியாக வந்த பிறகு, பழைய எல்இடி சுற்றையும் பக்கத்தில் வைத்து இரண்டையும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். 1820 ஜூலையில் ஓயர்ஸ்டெட் வெளியிட்டது நான்கு பக்க லத்தீன் கட்டுரை ஒன்றுதான். அதில் கம்பியை ஊசிக்கு மேலே வைத்தது, கீழே வைத்தது, திருப்பி வைத்தது என்று ஒவ்வொரு நிலையையும் மாற்றிப் பார்த்து எழுதியிருக்கிறார். நீங்களும் பிள்ளைகளை அப்படி மாற்றி மாற்றி வைக்கவிடுங்கள்.

கேள்வி: மோட்டார் காயில் கட்டும் கடையில் புதுச் செப்புக் கம்பி வாங்கினேன். மல்டிமீட்டரில் பார்த்தால் ஓம் அளவில் '1' என்று நின்றுவிடுகிறது. கம்பி நடுவில் அறுந்திருக்குமா? – ஒன்பதாம் வகுப்பு மாணவர், சங்கரன்கோவில்

பதில்: அறுந்திருக்காது தம்பி. அந்தக் கம்பி மேல் மின்சாரத்தைக் கடத்தாத மெல்லிய எனாமல் பூச்சு இருக்கிறது, செம்பின் நிறத்திலேயே இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு முனையிலும் இரண்டு செ.மீ. நீளத்துக்கு உப்புத்தாள் போட்டுச் சுற்றிலும் தேயுங்கள், இளஞ்சிவப்பாகப் பளபளக்கும் வரை. அப்புறம் வைத்துப் பாருங்கள். தீக்குச்சியால் எரித்துப் பூச்சை எடுக்கும் பழக்கம் வேண்டாம், புகையும் நல்லதல்ல, கருகிய செம்பும் சரியாகத் தொடாது.

கேள்வி: ஆணியில் கம்பி சுற்றி மின்காந்தம் செய்தேன். குண்டூசிகளை நன்றாக இழுக்கிறது. ஆனால் செல்லை எடுத்த பிறகும் குண்டூசிகள் விழவில்லை, அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கரண்டை நிறுத்தினால் காந்தம் போய்விடும் என்று பாடத்தில் இருக்கிறதே? அத்தோடு செல் கொஞ்ச நேரத்தில் சூடாகிவிடுகிறது. – பத்தாம் வகுப்பு மாணவி, பெரம்பலூர்

பதில்: பாடத்தில் சொல்வது தேனிரும்புக்கு, அதாவது மென்மையான இரும்புக்கு. உன் கையில் இருப்பது எஃகு ஆணி, அதிலும் சுவரில் அடிக்கும் கான்கிரீட் ஆணி என்றால் நன்றாகக் கடினமாக்கிய எஃகு. ஒரு முறை காந்தமாகிவிட்டால் லேசில் விடாது. அதே ஆணிதான் வேண்டுமென்றால் பெரியவர்கள் யாரையாவது வைத்துக்கொண்டு, அடுப்பில் அல்லது பட்டறையில் நன்றாகச் சிவக்கக் காய்ச்சி, தண்ணீரில் நனைக்காமல் சாம்பலில் புதைத்து மெதுவாக ஆற விடு. இரும்பு 770 டிகிரியைத் தாண்டினால் அதன் காந்தத் தன்மையே போய்விடும், ஏற்கெனவே ஏறியிருந்த காந்தம் அழிந்துவிடும். மெதுவாக ஆறும்போது எஃகு மென்மையாகி, அடுத்த முறை காந்தத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் குணமும் வெகுவாகக் குறையும்.

இதைவிட எளிதான வழி ஒன்று இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். வீடு கட்டும் இடத்தில் முறுக்குக் கம்பிகளைச் சேர்த்துக் கட்டுவார்களே, அந்தக் கட்டுக் கம்பி. கையால் முறுக்கினால் எளிதில் வளைய வேண்டும் என்பதற்காகவே அதைக் காய்ச்சி மென்மையாக்கித்தான் விற்கிறார்கள். அதில் ஒரு விரல் நீளத் துண்டுகளாக இருபது முப்பது வெட்டிக் கத்தையாகக் கட்டி, மேலே காகிதம் சுற்றி, அதன் மேல் கம்பியைச் சுற்று. செல்லை எடுத்ததும் குண்டூசிகள் கொட்டிவிடும். ஒன்றிரண்டு ஒட்டியிருந்தால் லேசாகத் தட்டினால் போதும்.

சூட்டுக்கு வருவோம். நீ சுற்றியிருப்பது தடித்த, குட்டையான கம்பியாக இருக்கும். அதன் மின்தடை செல்லின் உள்தடையைவிடக் குறைவு, அதனால் செல்லின் சக்தியில் பெரும்பகுதி செல்லுக்குள்ளேயே வெப்பமாகிவிடுகிறது. 28 கேஜ் கம்பியில் 10 மீட்டர் எடுத்துக்கொள், ஏறத்தாழ ஒன்றரை ஓம் வரும், ஒரு செல்லில் ஒரு ஆம்பியருக்குக் கீழேதான் ஓடும், ஆனால் முந்நூறு சுற்றுக்கு மேல் சுற்றலாம். காந்தத்தின் பலம் ஆம்பியரைச் சுற்று எண்ணிக்கையால் பெருக்கி வருவது. இங்கே ஒரு கணக்கு இருக்கிறது, பரீட்சையில் வராது, ஆனால் யோசித்துப் பார்க்கத் தகுந்தது. மெல்லிய கம்பியாகவே இருந்து, சுற்றுகளை இரண்டு மடங்காக்கினால் மின்தடையும் இரண்டு மடங்காகும், மின்னோட்டம் பாதியாகும், பெருக்கினால் பலம் கிட்டத்தட்ட அதே. ஆனால் வெப்பம் பாதியாகிவிடும், செல்லும் இரண்டு மடங்கு நேரம் உழைக்கும். அதனால் பலம் கூடவில்லையே என்று நினைத்துவிடாதே, சூடு குறைந்ததே பெரிய லாபம்.

முதல் அடுக்கு முடிந்து இரண்டாவது அடுக்குக்குத் திரும்பி வரும்போது எந்தப் பக்கமாகச் சுற்றி வந்தாயோ அதே பக்கமாகவே சுற்றிக்கொண்டு வா. சுற்றும் திசை மாறினால் இரண்டு அடுக்கும் ஒன்றையொன்று அழித்துவிடும்.

கேள்வி: பிளஸ் டூ மாணவர்களுக்காக இரும்பு, செம்பு கம்பிகளை முறுக்கி வெப்ப மின்னிரட்டை (இரு சந்திகளின் வெப்பநிலை வேறுபட்டால் மின்னழுத்தம் தரும் அமைப்பு) செய்தோம். ஒரு சந்தி தண்ணீர்க் கிளாஸில், இன்னொரு சந்தி மெழுகுவர்த்திச் சுடரில். மல்டிமீட்டரை 200 மில்லிவோல்ட் அளவில் வைத்தோம். 1.3 வரை ஏறியது, அதற்கு மேல் சூடாக்கினால் 1.0, 0.7 என்று இறங்கிவிட்டது. மீட்டர் பழுதா, முறுக்கிய இடம் தளர்ந்துவிட்டதா? அத்தோடு, இந்த மின்னோட்டத்தால் காந்த ஊசியைத் திருப்பிக் காட்டலாம் என்று படித்தோம், ஊசி அசையவே இல்லை. – இயற்பியல் ஆசிரியர், கோவில்பட்டி

பதில்: சார், நீங்கள் பார்த்திருப்பது அருமையான ஒன்று. மீட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. இரும்பு செம்பு இணைக்கு நடுநிலை வெப்பநிலை சுமார் 270 டிகிரி. அதுவரை மின்னழுத்தம் ஏறும், அதைத் தாண்டினால் இறங்கும், இன்னும் மேலே போனால் சுழியைத் தொட்டு எதிர்ப்பக்கம் திரும்பிவிடும். குளிர்ந்த சந்தி 30 டிகிரியில் இருந்தால் அந்தத் திருப்பம் 510 டிகிரியை ஒட்டி வரும். மெழுகுவர்த்திச் சுடர் இதையெல்லாம் சாதாரணமாகத் தாண்டும். உச்சத்தில் வரும் மின்னழுத்தமே ஒன்றரை மில்லிவோல்ட் சுற்றுவட்டாரம்தான், ஆக உங்கள் 1.3 மிக நல்ல அளவு.

இது உண்மையிலேயே நடுநிலை வெப்பநிலைதானா, அல்லது முறுக்குத் தளர்ந்ததா என்று பிரித்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். அளவு 0.7க்கு இறங்கிய பிறகு சுடரை எடுத்துவிட்டு மீட்டரையே பாருங்கள். சந்தி ஆறும்போது அளவு முதலில் மேலே ஏறி, அதே 1.3ஐத் தொட்டு, பிறகுதான் இறங்க வேண்டும். சூடானதை எடுத்த பிறகு மின்னழுத்தம் கூடுவதைப் பார்க்கும் மாணவர் அதை வாழ்நாளில் மறக்க மாட்டார். அப்படி ஏறாமல் நேராக இறங்கினால், அல்லது எண்கள் தாறுமாறாக ஓடினால், முறுக்கில்தான் கோளாறு. சூட்டில் இரும்பு துருவேறித் தொடுப்பு விட்டிருக்கும், வெட்டிவிட்டுப் புதிதாக முறுக்குங்கள். தண்ணீர்க் கிளாஸ் சுடருக்குப் பக்கத்தில் இருந்து மெல்லச் சூடாகிக்கொண்டிருந்தாலும் அளவு குறையும், ஆனால் அது மெதுவாக நடக்கும். வகுப்புக்கு நேர்க்கோடு வரைந்து காட்ட வேண்டுமானால் மெழுகுவர்த்தியை விட்டுவிட்டுக் கொதிக்கும் தண்ணீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள், 0.7, 0.8 அளவில் வரும்.

ஊசி விஷயம் இன்னும் சுவாரசியம். 1821இல் பெர்லினில் சீபெக் என்ற விஞ்ஞானி செய்தது இதுதான். பிஸ்மத்தும் செம்பும் சேர்ந்த ஒரு வளையம், ஒரு சந்தியில் சூடு, நடுவில் ஒரு காந்த ஊசி. ஊசி திரும்பியது. அவர் வோல்ட் மீட்டர் எதுவும் வைத்திருக்கவில்லை, ஊசி மட்டும்தான். அதனால் வெப்பமே நேராகக் காந்தத்தை உண்டாக்குகிறது என்று நம்பினார், அதற்கு வெப்பக் காந்தம் என்ற பொருளில் பெயரும் வைத்தார். நடுவில் மின்னோட்டம் இருக்கிறது என்று சொன்னவர் ஓயர்ஸ்டெட். சரி, அவருக்குத் திரும்பிய ஊசி உங்களுக்கு ஏன் திரும்பவில்லை? மின்தடைதான் காரணம். ஒரு மில்லிவோல்ட்டை மெல்லிய கம்பிகளும் முறுக்குகளும் சேர்ந்த அரை ஓமில் விட்டால் 2 மில்லி ஆம்பியர், ஊசிக்கு அது ஒன்றுமே இல்லை. அதே ஒரு மில்லிவோல்ட்டை ஒரு மில்லி ஓம் வளையத்தில் விட்டால் ஒரு ஆம்பியர்! ஆக, கட்டை விரல் பருமனுக்கு இல்லாவிட்டாலும் சுண்டு விரல் பருமனுக்காவது ஒரு செம்புத் தண்டும் ஒரு இரும்புத் தண்டும் வேண்டும், குட்டையாக. இரண்டு சந்திகளையும் முறுக்க முடியாது, ஃபிரிட்ஜ் மெக்கானிக்கிடம் கொடுத்தால் பிரேசிங் (வேறு உலோகத்தை உருக்கி ஒட்டுவது) வைத்துத் தருவார். நடுவில் வேறு உலோகம் வருகிறதே என்று கவலைப்பட வேண்டாம், அந்த இடம் முழுக்க ஒரே வெப்பநிலையில் இருந்தால் விளைவு மாறாது. வளையத்தை வடக்கு தெற்காக நிறுத்தி, ஊசியை உள்ளே செம்புத் தண்டை ஒட்டி வையுங்கள். ஒரு சந்தி மட்டும் சூடாக வேண்டும், மற்றதில் ஈரத்துணி சுற்றுங்கள். இரும்புத் தண்டே ஊசியை இழுக்கும் என்பதால், சூடாக்கும் முன்பு ஊசி எங்கே நிற்கிறது என்று குறித்துவைத்து, அதிலிருந்து எவ்வளவு மாறுகிறது என்று மட்டும் பாருங்கள்.

மாணவர்களிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். ஓம் விதியை எல்லோரும் பேட்டரி வைத்துச் சோதிக்கிறோம். ஆனால் ஜார்ஜ் சைமன் ஓம் அதைக் கண்டபோது பேட்டரி அவரைக் கைவிட்டுவிட்டது, அந்தக் காலத்துப் பேட்டரியின் மின்னழுத்தம் அளந்துகொண்டிருக்கும்போதே இறங்கிக்கொண்டே போகும். போகெண்டார்ஃப் என்ற இயற்பியலாளர் சொன்ன யோசனைப்படி அவர் பிஸ்மத் செம்பு வெப்ப மின்னிரட்டைக்கு மாறினார். ஒரு சந்தி கொதிநீரில், ஒரு சந்தி பனிக்கட்டியில், மின்னழுத்தம் ஆடாமல் நின்றது. மின்னோட்டத்தை அளந்தது தொங்கவிட்ட காந்த ஊசி. 1826இல் வெளியிட்ட அளவுகள் அப்படி வந்தவை. வெப்பம், மின்னோட்டம், காந்தம் மூன்றும் சேர்ந்து கிடைத்த விதி அது. இன்றைக்கும் சுடர் அணைந்தால் தானாக வாயுவை நிறுத்தும் அடுப்புகளில் இதே ஏற்பாடுதான். சுடரில் நிற்கும் வெப்ப மின்னிரட்டை இருபது, முப்பது மில்லிவோல்ட் தருகிறது, தடித்த செம்பு வழியாக அது ஒரு சிறு மின்காந்தத்துக்குப் போய் வால்வைத் திறந்து பிடித்துக்கொண்டிருக்கிறது, சுடர் போனால் பிடி விடுகிறது.

கேள்வி: சுருளுக்குள் காந்தத்தை நுழைத்தால் மின்னோட்டம் வரும் என்கிறார்கள். 50 சுற்றுச் சுருள், நல்ல காந்தம், டிஜிட்டல் மல்டிமீட்டர். எத்தனை முறை செய்தாலும் 0தான், சில நேரம் ஏதோ எண் மின்னி மறைகிறது. – பட்டதாரி ஆசிரியர், திருவாரூர்

பதில்: அந்த மின்னி மறையும் எண்தான் உங்கள் விடை. டிஜிட்டல் மீட்டர் ஒரு விநாடிக்கு இரண்டு, மூன்று முறைதான் அளவைக் காட்டும், ஒவ்வொரு முறையும் கொஞ்ச நேரத்துச் சராசரியை எடுக்கும். உங்கள் காந்தம் சுருளைக் கடந்து போக அதற்கும் குறைவான நேரமே ஆகிறது. காந்தம் நுழையும்போது ஒரு பக்கம், வெளியேறும்போது எதிர்ப்பக்கம், இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் சுழி. மாறுதிசை அளவுக்குத் திருப்பினால் வருமா என்றால் அதுவும் வராது, மலிவான மீட்டர்களில் அந்த அளவே 200 வோல்ட்டில்தான் தொடங்கும். பள்ளி ஆய்வகத்தில் நடுவில் சுழி உள்ள பழைய கால்வனோமீட்டர் தூசி படிந்து கிடக்கும், அதை எடுத்துத் துடைத்து மாட்டுங்கள், முள் இரண்டு பக்கமும் துள்ளும். புதியது எல்லாவற்றுக்கும் மேல் என்று நினைத்து அவற்றைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடும் பள்ளிகளைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது. இந்தச் சோதனைக்கு அதை மிஞ்சியது கிடையாது.

கால்வனோமீட்டரைச் சுருளிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள், காந்தம் முள்ளை நேராக இழுத்துவிடக் கூடாது. ஆனால் அடுத்த அறையில் வைத்துவிடாதீர்கள். 1825இல் ஜெனீவாவில் கொலாடோன் என்ற இயற்பியலாளர் அதைத்தான் செய்தார். காந்தத்தின் பாதிப்பு வரக் கூடாது என்ற ஜாக்கிரதையில் மீட்டரை வேறு அறையில் வைத்தார், சுருளுக்குள் காந்தத்தை வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்ப் பார்ப்பதற்குள் முள் துள்ளி அடங்கிவிட்டது. ஆறு ஆண்டு கழித்து 1831இல் ஃபாரடே கண்டார். எல்இடி எரியவைத்துக் காட்ட ஆசையென்றால் 50 சுற்று போதாது, ஆயிரத்துக்கு மேல் சுற்றி, இரண்டு சிவப்பு எல்இடிகளை எதிரெதிர்த் திசையில் இணைத்து, வலுவான நியோடிமியம் காந்தத்தை வேகமாக ஆட்ட வேண்டும்.

கேள்வி: டேன்ஜன்ட் கால்வனோமீட்டர் (வட்டச் சுருளின் நடுவே காந்த ஊசி உள்ள கருவி) செய்முறையில் பூமியின் கிடைத்தளப் புலம் எனக்கு 5.6 × 10⁻⁵ டெஸ்லா வந்தது. 4 × 10⁻⁵ வர வேண்டும், அளவுகளை மாற்றி எழுதிக்கொண்டு வா என்று சொல்லிவிட்டார்கள். மாற்றட்டுமா? – பிளஸ் டூ மாணவர், ராஜபாளையம்

பதில்: மாற்றாதே தம்பி. அளந்ததை அளந்தபடி எழுது. மாற்றி எழுதினால் உன் அளவில் என்ன ஒளிந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

முதலில் உன் அட்டவணையைப் பார். மின்னோட்டத்தைத் திருப்பும் முன்பும் பின்பும் வந்த கோணங்கள் பெரிதாக வேறுபடுகின்றனவா? வேறுபட்டால் சுருளின் தளம் வடக்கு தெற்கில் சரியாக நிற்கவில்லை. கோணங்கள் 30க்கும் 60க்கும் இடையில் இருக்க வேண்டும், 45 பக்கம் வந்தால் மிக நல்லது. ஐந்து சுற்றுத் திருகில் இணைத்தாயா, வேறு திருகிலா? அம்மீட்டர் முள் கரண்ட் இல்லாதபோது சுழியில் நிற்கிறதா? இதெல்லாம் சரியாக இருந்தும் 5.6 வந்தால் மேசையைச் சந்தேகப்படு. இரும்புச் சட்டம் போட்ட மேசையா, கீழே இரும்பு டிராயர் இருக்கிறதா, பக்கத்து மாணவர் சட்டைப்பையில் போன் இருக்கிறதா?

கால்வனோமீட்டரைத் தூக்கிவிட்டு அதே இடத்தில் ஒரு போனை வைத்து, ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகத்தார் இலவசமாகத் தரும் ஃபைஃபாக்ஸ் செயலியில் காந்தப்புலத்தைப் பார்க்கலாம். நம் ஊரில் புலம் தரைக்குக் கிட்டத்தட்ட இணையாகவே போவதால், செயலி காட்டும் மொத்தப் புலத்தையே கிடைத்தளப் புலமாக எடுத்துக்கொண்டால் பெரிய பிழை வராது. செயலியும் 55 மைக்ரோ டெஸ்லாவை (5.5 × 10⁻⁵ டெஸ்லா) ஒட்டிக் காட்டினால் உன் 5.6 சரி, அந்த மேசை மேல் புலம் உண்மையிலேயே அவ்வளவுதான். போனை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனால் 40க்கு வந்துவிடும். இரண்டு எண்களையும் ரெக்கார்டு நோட்டில் எழுதி, காரணத்தையும் எழுதி, உன் ஆசிரியரிடம் மரியாதையாகக் காட்டு. நாற்பது பேர் மாற்றி எழுதிய 4.0ஐவிட அந்த ஒரு பக்கம் மேலானது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கேள்வி: அறிவியல் கண்காட்சிக்காகக் காந்தத்தில் ஒட்டிய ஆணியை மெழுகுவர்த்தியால் சூடாக்கி விழ வைக்க முயன்றோம். விழவே மாட்டேன் என்கிறது. காந்தம்தான் பலம் இழந்துவிட்டது. – மாணவிகள் குழு, சிவகாசி

பதில்: இரும்புக்கு 770 டிகிரி வேண்டும் என்று மேலே சொன்னேன் அல்லவா, ஒரு தடித்த ஆணியை அந்த அளவுக்குக் கொண்டுபோக மெழுகுவர்த்தியால் முடியாது, கொடுத்த வெப்பம் ஆணி வழியாக நேரே காந்தத்துக்குப் போய்விடுகிறது. சாதாரண நியோடிமியம் காந்தம் 80 டிகிரியைத் தாண்டினாலே பலம் இழக்கத் தொடங்கும், உங்கள் காந்தம் கெட்டது அப்படித்தான்.

நிக்கலுக்கு மாறுங்கள். நிக்கல் 358 டிகிரியிலேயே காந்தத் தன்மையை இழக்கும், மெழுகுவர்த்தி போதும். லித்தியம் பேட்டரிகளை வரிசையாக இணைக்க மெல்லிய நிக்கல் பட்டை விற்கிறார்கள், சென்னை ரிச்சி தெரு மாதிரி எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும். ஒரே எச்சரிக்கை, இரும்புப் பட்டை மேல் நிக்கல் முலாம் பூசியதும் அதே தோற்றத்தில் விற்கப்படுகிறது, அது விழாது. உப்புத்தாளால் கீறி ஒரு இரவு உப்புத் தண்ணீரில் போட்டு வையுங்கள், துருப் பிடித்தால் இரும்பு. நல்ல பட்டையில் ஒரு சிறு துண்டை மெல்லிய செப்புக் கம்பியில் ஊஞ்சலாகத் தொங்கவிட்டு, காந்தம் அதைத் தொடாமல் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கும் தூரத்தில் வையுங்கள். இழுபட்டு நிற்கும் இடத்தில் சுடர் இருக்க வேண்டும். சூடானதும் விட்டு விலகி ஆடும், ஆறியதும் திரும்பி வரும், மறுபடி சூடாகும், தானாகவே ஆடிக்கொண்டிருக்கும்.

பார்வையாளர்களுக்கு விளக்க, பக்கத்தில் ஒரு ரைஸ் குக்கரை வையுங்கள். அதன் அடியில் நடுவில் அமுங்கும் வட்டத்துக்குள், 100 டிகிரியைச் சற்றுத் தாண்டியதும் காந்தத் தன்மையை இழக்கும் ஃபெரைட் என்ற காந்தப் பொருளின் துண்டு இருக்கிறது. தண்ணீர் இருக்கும்வரை அடி 100ஐத் தாண்டாது, வற்றியதும் சட்டென்று ஏறும், காந்தம் பிடியை விடும், சுவிட்ச் டக்கென்று விழும்.

கேள்வி: எங்கள் மல்டிமீட்டரில் வோல்ட் சரியாகக் காட்டுகிறது. மில்லி ஆம்பியர் மட்டும் எதை அளந்தாலும் 0. – ஆய்வக உதவியாளர், அரியலூர்

பதில்: உள்ளே ஃபியூஸ் போயிருக்கிறது. யாரோ மில்லி ஆம்பியர் அளவில் வைத்துக்கொண்டு செல்லை நேராகத் தொட்டிருப்பார்கள். பின்பக்கத் திருகைக் கழற்றினால் சிறு கண்ணாடி ஃபியூஸ் இருக்கும், அதில் எழுதியிருக்கும் அதே அளவில் புதியது போடுங்கள், சிகரெட் அட்டைத் தாளையோ கம்பியையோ சுற்றி வைக்க வேண்டாம். இன்னொன்று, 10 ஆம்பியர் துளையில் சிவப்புக் கம்பியைச் செருகி அளந்தால் வேலை முடிந்த உடனே பழைய துளைக்கு மாற்றிவிடுங்கள். மலிவான பல மீட்டர்களில் அந்தத் துளைக்கு ஃபியூஸே கிடையாது, அடுத்து வருபவர் வோல்ட் பார்க்கிறேன் என்று வைத்தால் நேர் ஷார்ட் ஆகிவிடும். மீட்டரின் மேலேயே ஒரு துண்டுக் காகிதத்தில் இதை எழுதி ஒட்டிவையுங்கள்.